உட்பட

தரைக்கு வினைல் விரிப்பு போடக் கடைக்காரர் தரும் விலைப்புள்ளியில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘மேற்பரப்பைத் தயார்செய்தல் உட்பட, சதுர அடிக்கு இத்தனை ரூபாய்.’ விரிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. பசைக்கு ஒரு விலை இருக்கிறது. சுவரோரம் அடிக்கும் பட்டிக்கு அடிக்கணக்கில் தனி விலை. பழைய தரையை விரிப்புக்கு ஏற்றதாக ஆக்கும் வேலைக்கு மட்டும் விலை கிடையாது. அதற்கு ‘உட்பட’ என்ற ஒரு சொல் கிடைத்திருக்கிறது. ஒரு வேலையை இன்னொரு வேலையின் வயிற்றுக்குள் வைத்துவிட்டால் அதைச் செய்தவருக்கு என்ன ஆகிறது, அப்படி வைப்பது எப்போது சரி, எப்போது அநியாயம் என்பதை இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்க்கலாம். கருங்கல்லுக்கும் மொசைக்குக்கும் இருப்பதுபோல வினைலுக்குத் தனக்கென ஓர் உடம்பு இல்லை. வீடுகளுக்கு வாங்கும் சுருள் விரிப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அடியில் என்ன இருக்கிறதோ அதன் வடிவத்தையே அது எடுத்துக்கொள்ளும். ஒரு மணல் பருக்கை சிக்கிக்கொண்டால் கொஞ்ச நாளில் மேலே சிறு புடைப்பாகத் தெரியும். அடித்தரையில் விரிசல் இருந்தால் விரிப்பிலும் கோடு விழும். ஆங்கிலத்தில் இந்தத் தொழில் செய்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டெலிகிராஃபிங்’, அதாவது தந்தியடித்தல். புதைந்திருப்பது மேலே செய்தி அனுப்பிவிடுகிறது.

அதனால் விரிப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். தரையைத் தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் இடத்தில் பூச்சு விட்டுப்போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். விரிசலை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை ஊதி, ஈரப்படுத்தி அடைக்க வேண்டும். 10 அடி நீள நேர்கோலைத் தரையில் வைத்தால் அதன் அடியில் 3/16 அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்கு மேல், இடைவெளி தெரியக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தை நிரவ வேண்டும்.

பிறகு ஓதம். சிமெண்ட் தரை பார்ப்பதற்கு உலர்ந்திருக்கும். உள்ளே மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். திறந்த தரையில் அந்த ஈரம் காற்றோடு போய்விடுகிறது. வினைல் போட்டு மூடினால் போக வழி இல்லை. பசை இளகும், ஓரங்கள் எழும்பும், பூஞ்சை பிடிக்கும். இதைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் ஒட்டிவிட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் உலர விட வேண்டும் என்று தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். காத்திருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் கருத்தரங்க அறைக்கு வினைல் போட்டார்கள். பழைய கட்டடத்தின் தரைத்தளம். காவிச் சிமெண்ட் பூசிய தரை. ஒரு மூலையில் மழைக்காலம் முழுக்க ஓதம். எங்கள் துறையின் அறை அதற்கு நேர் எதிரே. ஆறு நாட்கள் அங்கே ஒரு கொத்தனாரும் இரண்டு பெண்களும் வேலை செய்தார்கள். கொத்தனார் காலையில் வந்து எங்கே கொத்த வேண்டும், எங்கே பூச வேண்டும் என்று சொல்லி, கலவை பூசும் நேரத்தில் பூசிவிட்டு, மற்ற நேரம் பக்கத்துக் கட்டட வேலைக்குப் போய்விடுவார். சுரண்டியது, கொத்தியது, கூட்டியது, நனைத்தது, துடைத்தது எல்லாம் அந்த இரண்டு பெண்கள்.

அவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்து, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல மெதுவாக அறை முழுக்க நகர்ந்துகொண்டிருந்தார். நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார், இன்னோர் இடத்தில் பெருக்கல் குறி. வட்டம் மேடு, பெருக்கல் பள்ளம். நேர்கோல் இருக்கும்போது கையால் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கோலு பெரிய மேட்டச் சொல்லும் டீச்சர். சின்னதக் கைதான் சொல்லும். கண்ண நம்பவே கூடாது.”

“எத்தன வருசமா இந்த வேல பாக்குறீங்கக்கா?”

“எம் பெரிய பொண்ணு வயித்துல இருக்கையில ஆரம்பிச்சேன். அவ பொண்ணு இப்ப ஒம்பதாவது படிக்கிறா.”

முப்பது ஆண்டுக்கு மேல். இன்னும் அவர் சித்தாள்தான். கொத்தனார் வாங்குவதில் பாதியும் கொஞ்சமும் அவர் கூலி. கொத்தனாருக்கு வயது முப்பத்தைந்து இருக்கலாம், அவர் அந்த அம்மாவிடம்தான் “அக்கா, மட்டம் எப்படி இருக்கு?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஏழாம் நாள் விரிப்பு போடும் ஆட்கள் இருவர் வண்டியில் வந்தார்கள். மதியத்துக்குள் அளந்து, வெட்டி, ஒட்டி, உருளையால் அழுத்தி முடித்தார்கள். மரத்தரை போன்ற வடிவம், வழவழவென்று இருந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் “நல்ல வினைல்” என்றார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். அந்த இரண்டு பெண்களும் அப்போது வேறொரு கட்டடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்திருப்பார்கள்.

நான் சொல்ல வரும் முதல் விஷயம் இங்கே இருக்கிறது. தயாரிப்பு வேலை நன்றாக நடந்தால் மேலே இருப்பதற்குப் பெயர் கிடைக்கும். மோசமாக நடந்தால் அடியில் இருப்பதற்குப் பெயர் கிடைக்கும். தரை வழவழப்பாக இருந்தால் நல்ல வினைல். புடைத்தால் ‘தரையைச் சரியாகக் கூட்டவில்லை.’ புகழுக்கு ஒரு முகவரி, பழிக்கு இன்னொரு முகவரி.

இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானதுதான். பிள்ளை நன்றாக வந்தால் அப்பா பேரைச் சொல்லும் பிள்ளை. தவறிப் போனால் வளர்த்தவளைச் சொல்ல வேண்டும். விருந்து நன்றாக இருந்தால் விருந்து கொடுத்தவருக்குக் கைராசி. உப்பு கூடினால் சமைத்தவளின் கை. உப்பு சரியாக இருக்கும் நாளில் யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. சரியாக இருப்பதற்கு ஒருத்தி ஒவ்வொரு நாளும் கணித்துப் போடுகிறாள் என்பது, தவறும் நாளில்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது.

பெண்ணிய எழுத்தில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. வீட்டுவேலை எதையும் மிச்சம் வைக்காத வேலை. அதனால்தான் மதிப்பில்லை என்பது அது. 1949இல் வெளிவந்த ‘இரண்டாம் பாலினம்’ நூலில் சிமோன் த பொவ்வார், பாறையை மலைமேல் உருட்டிக்கொண்டே இருக்கச் சபிக்கப்பட்ட சிசிபஸின் தண்டனையோடு வீட்டுவேலையை ஒப்பிட்டார். துடைத்தது அழுக்காகிறது, அழுக்கானதைத் துடைக்க வேண்டும். 1958இல் ‘மனித நிலை’ நூலில் ஹன்னா அரெண்ட் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரித்தார். உழைப்பு உடலைக் காப்பதற்காகச் செய்து செய்து தீர்ந்துபோவது. ஆக்கம் நிலைத்து நிற்கும் பொருளை உலகத்தில் வைத்துவிட்டுப் போவது. பெண்கள் காலங்காலமாக முதல் பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள்.

எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. அந்தக் கருத்தரங்க அறையின் அடித்தரை இன்னும் அங்கேதான் இருக்கிறது. வினைல் தேய்ந்து மாற்றும்போதும் அது இருக்கும். விரிப்பைவிட அதன் ஆயுள் அதிகம். அந்த அம்மா செய்தது அரெண்டின் கணக்கில் ஆக்கம்தான். நிலைத்து நிற்கிறது, உலகத்தைத் தாங்குகிறது. இருந்தும் அவருக்கு ஆக்கியவர் என்ற பெயர் வரவில்லை. ஆக, வேலை நிலைக்கிறதா அழிகிறதா என்பதை வைத்து மதிப்பு தீர்மானமாவதில்லை. அது எதற்கு அடியில் போகிறது, எந்தச் சொல்லுக்குள் போகிறது என்பதை வைத்துத்தான் தீர்மானமாகிறது.

நம் ஊர்த் தரையின் கதையே இதற்குச் சாட்சி. மண் வீட்டுக் காலத்தில் தரை முழுக்கப் பெண்களின் தொழில்நுட்பம். பள்ளம் விழுந்த இடத்தில் களிமண் வைத்து, தண்ணீர் தெளித்து, தட்டி இறுக்கி, மேலே சாணம் மெழுகுவார்கள். எவ்வளவு தண்ணீர் விட்டால் வெடிக்காது, எந்தப் பக்கம் கை இழுத்தால் வரி தெரியாது என்பதெல்லாம் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு. அதற்கு விலை இல்லை, ஆகவே யாரும் அதை ஒரு தொழில் என்று சொன்னதும் இல்லை. அந்தக் காலத்தைப் பொற்காலமாகவும் நான் சொல்லமாட்டேன். தொழுவத்தில் சாணம் அள்ளியவளும் நடுவீட்டை மெழுகியவளும் பெரும்பாலும் ஒரே பெண் அல்லர். அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே சாதி வாசற்படியாகக் கிடந்தது. அள்ளிக் கொடுத்தவள் மெழுகிய தரையில் கால் வைக்க முடியாது.

சிமெண்ட் வந்தது. தரைக்கு விலை வந்தது. விலை வந்த அன்றைக்கே தரை ஆண்களின் தொழிலானது. கரணை ஆணின் கைக்குப் போனது. பெண்ணின் தலைக்குச் சும்மாடும் சாந்துச் சட்டியும் வந்தன. ஆக்கியவள் உதவியாளானாள்.

கட்டட வேலையின் சொற்களைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டால் இது விளங்கும். கரணை பிடிப்பவர் கொத்தனார். ‘ஆர்’ என்ற மரியாதை விகுதியோடு ஒரு தொழிற்பெயர். மண் வெட்டிக் கலவை போடும் ஆண் பெரியாள். அதே கலவையைச் சுமந்து, தரை கூட்டி, நனைத்து, துடைக்கும் பெண் சித்தாள். சிறுமை ஆள். பெரியாளும் சித்தாளும் உதவியாட்கள்தான். ஆனால் பெயரிலேயே ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சித்தாள் அகராதியில் பால் இல்லாத சொல்லாக இருக்கலாம். வேலைத்தளத்தில் “நாலு சித்தாள் அனுப்பு” என்றால் நாலு பெண்களைத்தான் அனுப்புவார்கள்.

இதில் சட்டத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 1976இல் வந்த சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. நல்ல சட்டம். ஆனால் பெயரை மாற்றிவிட்டால் வேலை ஒத்த தன்மை உடையதில்லை என்று ஆகிவிடுகிறது. மேட்டைக் கண்டுபிடிப்பது சித்தாள் வேலை, அதன் மேல் கலவை தடவுவது கொத்தனார் வேலை. கண்டுபிடித்த கைக்கு அறிவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த இரண்டு கைகளையும் ஒப்பிட முடியும். அதனால் அதை அறிவு என்றே யாரும் சொல்வதில்லை. சிமெண்ட் பூச்சு வெடிக்காமல் இறுக, குறைந்தது ஒரு வாரமாவது தினமும் நீர் காட்ட வேண்டும். பல கட்டடங்களில் அந்தத் தண்ணீரை ஊற்றுவது காவலாளியின் மனைவி. காவலாளிக்குச் சம்பளம். தண்ணீர் அவர் சம்பளத்துக்குள் ‘உட்பட.’

இலக்கியம் படித்தவள் என்பதால் இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. பெண்ணை நிலத்தோடு ஒப்பிட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். பூமாதேவி மாதிரிப் பொறுமை வேண்டும் என்று எத்தனை பேர் எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பார்கள்! தன்னைத் தோண்டுபவரையும் தாங்கும் நிலத்தைப் பொறுமைக்கு உவமை ஆக்கியவர் வள்ளுவர். அந்தக் குறள் எல்லோருக்கும் சொன்னது. காலப்போக்கில் அது பெண்களின் பாடப்புத்தகமாக மட்டும் ஆகிவிட்டது. அதே வள்ளுவர் உழவு அதிகாரத்தில் வேறு நிலத்தைக் காட்டுகிறார். போய்ப் பார்க்காத உரிமையாளனோடு அந்த நிலம் மனைவியைப்போல ஊடிக்கொள்கிறது. ஒன்றுமில்லை என்று சோம்பி உட்கார்ந்திருப்பவரைக் கண்டு சிரிக்கிறது. ஊடுகிற நிலத்தையும் சிரிக்கிற நிலத்தையும் நம் மேடைகளில் யாரும் பெண்களுக்கு உவமை சொல்லிக் கேட்டதில்லை.

புறநானூற்றில் ஔவையார் நிலத்தையே கூப்பிட்டுப் பேசும் ஒரு சிறிய பாட்டு இருக்கிறது. நீ நாடாக இரு, காடாக இரு, பள்ளமாக இரு, மேடாக இரு. ஆடவர் எங்கே நல்லவரோ அங்கே நீயும் நல்லை என்பது அதன் பொருள். நிலத்தின் தரம் நிலத்தில் இல்லை, அதில் வாழும் மனிதரிடம் இருக்கிறது என்ற அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் வகுப்பில் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மாணவியாவது ‘ஆடவர்’ என்ற சொல்லில் நிற்பாள். ஆடவர் என்றால் இங்கே மனிதர் என்று பொதுப்பொருள் கொள்ளலாம் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. பெண்களும் அதில் ‘உட்பட’ என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள்.

அந்த அம்மாவைப் பார்த்த பிறகு நிலம் என்ற உவமையே எனக்கு உறுத்தத் தொடங்கியது. பெண் நிலம் கிடையாது. நிலத்தை மட்டம் செய்பவள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. நிலத்துக்குக் கூலி கேட்க வாய் இல்லை, முட்டி வலி இல்லை, நுரையீரலில் சிமெண்ட் தூசி இல்லை. பெண்ணைத் தரை என்று புகழ்ந்தால் அவளுக்கு ஊதியம் தர வேண்டிய கேள்வியே எழாது; தரைக்கு யார் ஊதியம் தருவார்கள்? புகழ்ச்சி சில இடங்களில் கூலியைத் தள்ளிப்போடும் தந்திரமாக இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? மறைந்த உழைப்பை வெளியே கொண்டுவருவோம், பார்வைக்கு வைப்போம் என்பது பெண்ணிய இயக்கத்தின் நீண்ட நாள் பதில். அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூக்கலெஸ் 1969இல் பராமரிப்பு வேலையே என் கலை என்று ஓர் அறிக்கை எழுதினார். அப்போது அவர் இளம் தாய். 1973இல் ஹார்ட்ஃபர்ட் நகரின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் தரையையும் வெளிப்படிகளையும் மணிக்கணக்கில் முட்டி போட்டுக் கழுவினார். ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் தரை கழுவுவதைப் பார்த்தார்கள். பிறகு 1977 முதல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் உறைவிடக் கலைஞரானார். ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். நான் மிகவும் மதிக்கும் வாழ்வு அது. ஆனால் அந்தப் பதவி சம்பளம் இல்லாத பதவி. பார்வைக்கு வந்தது, கணக்குக்கு வரவில்லை.

அடித்தரை விஷயத்தில் இந்தப் பதிலுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது மறைய வேண்டிய வேலை. மறையாவிட்டால் தோல்வி. அந்த அம்மாவின் திறமை, யாரும் அவர் இருந்ததாகவே உணராத ஒரு தரையை உண்டாக்குவதில் இருக்கிறது. அதை வெளியே காட்டு என்று சொன்னால் வேலையையே கெடுக்கச் சொல்வதாகும். அவரும் யாரும் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. முட்டிக்கு ஒரு ரப்பர் அட்டை, கொத்தனார் கூலியில் முக்கால்வாசி, மதியம் உட்கார்ந்து சாப்பிட நிழல். இதைத்தான் கேட்டார். பார்வைக்கு வருவது வேறு, கணக்கில் வருவது வேறு. நாம் பல ஆண்டுகளாக இரண்டையும் ஒன்றாகவே பேசி வந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. மகளிர் தினத்தில் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, ‘கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளி’ என்று பாராட்டிவிட்டு அடுத்த நாள் அதே கூலியைக் கொடுக்க முடியும். கணக்கில் ஒரு வரி எழுதிவிட்டால் அது முடியாது.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து எழுத முடியுமா? விரிப்பு போட்டவரும் கத்தியைத் தீட்டியிருப்பார். அதற்குத் தனி வரி உண்டா? ஒவ்வொரு வேலைக்குள்ளும் நூறு சின்ன வேலைகள் இருக்கின்றன. வீட்டுக்குள் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் சோறு ஊட்டியதற்கு ஒரு வரி, காய்ச்சலில் விழித்திருந்ததற்கு ஒரு வரி என்று அன்பே கடைச்சீட்டாகிவிடாதா? இதைக் கேட்பவர்களில் பெண்களே அதிகம். என் பிள்ளைக்குச் செய்ததைக் கணக்குப் பார்ப்பேனா என்று கேட்கும் அம்மாக்களின் கோபத்தில் உண்மை இருக்கிறது.

‘உட்பட’ என்ற சொல்லே தவறு என்று நான் சொல்லவில்லை. கத்தியைத் தீட்டியவரும் விரித்தவரும் ஒருவரே. உள்ளே போனதும் அவர் உழைப்பு, மேலே கிடைத்த கூலியும் அவருக்கு. அங்கே அந்தச் சொல் யாரையும் ஏமாற்றவில்லை. உள்ளே வைக்கப்பட்ட வேலையை ஒருவர் செய்து, வெளியே தெரியும் வேலையின் பெயரையும் காசையும் இன்னொருவர் வாங்கும்போதுதான் பிரச்சினை. அதைக் கண்டுபிடிக்க நான் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறேன். வேலை கெட்டுப்போகும் நாளில் பழி யார் பெயரில் எழுதப்படும் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். விரிப்பு புடைத்தால் ‘கூட்டினவளைக் கேள்’ என்று ஒரு பெயரைத் தனியாகச் சுட்ட முடிகிறது என்றால், அந்த வேலை எப்போதும் தனி வேலையாகவே இருந்திருக்கிறது. பழிக்குத் தனி வரி இருக்கும் இடத்தில் கூலிக்கும் தனி வரி இருக்க வேண்டும்.

வீட்டுக்கும் இதே சோதனைதான். பிள்ளை தவறினால் தாயைத் தனியாகப் பிரித்தெடுத்துக் குற்றம் சொல்லத் தெரிந்த சமூகத்துக்கு, சொத்து சேரும்போது அவள் பங்கைப் பிரித்தெடுக்கத் தெரியாது என்று சொல்ல உரிமை கிடையாது. அன்பைக் கணக்கிட வேண்டாம். அன்பின் பெயரால் கணக்கை மறைக்கவும் வேண்டாம்.

கணக்கு எழுத முடியும் என்பதற்குச் சில சான்றுகள் ஏற்கனவே இருக்கின்றன. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிடுகிறார்கள் என்று எழுதியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கணவர் வளைகுடா நாட்டில் சம்பாதித்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அவள் வீட்டைத் தாங்கியதால்தான் அவரால் வெளியே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். அடித்தரைக்கும் விலைப்புள்ளியில் ஒரு வரி உண்டு என்று சொன்ன தீர்ப்பாகவே நான் அதைப் படிக்கிறேன். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவித் தொகை’ என்று வைக்காமல் ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு குடும்பத்தலைவியின் மாத உழைப்புக்கு அந்தத் தொகை எந்த வகையிலும் ஈடாகாது. ஆனால் உதவி என்பதற்கும் உரிமை என்பதற்கும் நடுவே உள்ள தூரம், உட்பட என்பதற்கும் தனி வரி என்பதற்கும் நடுவே உள்ள தூரம்தான்.

இந்த நூலைப் படிப்பவர்களில் பலர் படித்து வேலைக்குப் போகும் பெண்கள், அல்லது போகப் போகிறவர்கள். நாம் மேடையில் நின்று பேசும் நேரத்தில் நம் வீட்டில் பாத்திரம் கழுவுபவர் ஒரு பெண். நம் விடுதியின் கழிப்பறையைக் கழுவுபவர் ஒரு பெண். நம் ஆய்வேட்டுக்குக் களஆய்வில் பேசிய பாட்டியின் பெயர் நன்றியுரையின் கடைசிப் பத்தியில், ‘மற்றும் பலர் உட்பட’ என்று முடிந்திருக்கும். ஆண்கள் நம்மை உள்ளே வைத்தார்கள் என்று எழுதும் உரிமை நமக்கு இருக்கிறது. நாம் யாரை உள்ளே வைத்திருக்கிறோம் என்று கேட்கும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. பெண்ணியம் ஒரு மாடியில் மட்டும் நடக்கும் வேலையாகிவிட்டால் கீழ்த்தளத்தின் ஓதம் ஒரு நாள் மேலே ஏறும்.

செய்ய முடியாத பெரிய காரியங்களை நான் கேட்கவில்லை. வீட்டிலோ கல்லூரியிலோ அலுவலகத்திலோ அடுத்து ஏதாவது வேலைக்கு விலைப்புள்ளி வாங்கும்போது ‘உட்பட’ என்ற சொல்லில் விரலை வைத்து, இதைச் செய்பவர் யார், எத்தனை நாள், என்ன கூலி என்று கேட்கலாம். தனியாக எழுதித் தரச் சொல்லலாம். உலர வேண்டிய நாட்களை வேலைநாட்களாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம்; அவசரப்படுத்தினால் அந்த அவசரம் கடைசியில் யாருடைய முட்டியில் இறங்குகிறது என்று நமக்குத் தெரியும். உலர்ந்த சிமெண்டைத் துடைப்பத்தால் கூட்டாமல் தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொல்லலாம், முகமூடி வாங்கித் தரலாம். ஆய்வேட்டில் அந்தப் பாட்டியின் சம்மதத்தோடு அவர் பெயரை, அவர் சொன்ன செய்திக்குப் பக்கத்திலேயே எழுதலாம். வீட்டில் மாதக் கணக்கு எழுதும் நோட்டில் அம்மாவின் வேலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிப் பார்க்கலாம். பணம் கைமாறாவிட்டாலும் அந்தப் பக்கம் நிரம்பும் வேகத்தை வீட்டில் உள்ள எல்லோரும் பார்ப்பார்கள்.

விரிப்பு விரித்த பிறகு அடித்தரை யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரியவும் வேண்டாம். விலைப்புள்ளியில் அதற்கு ஒரு வரி இருக்கட்டும். அந்த வரிக்கு எதிரே ஒரு தொகை இருக்கட்டும். அந்தத் தொகை, கையால் தரையைப் படித்தவரின் கைக்கே போய்ச் சேரட்டும்.